கேலரியிலிருந்து ஒரு க்ளிக்

திருவிடந்தைக்கு இரண்டு வகை மனிதர்கள் போவார்கள். கல்யாணம் ஆக வேண்டியவர்கள், கல்யாணம் ஆகிவிட்டவர்கள். அன்றைக்கு நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. கல்யாணம் ஆக வேண்டிய ஒருவனுக்கு டிரைவராகப் போனேன்.

என் சித்தி பையன். சாஃப்ட்வேரில் நல்ல சம்பளம். வயது முப்பத்து நான்கு. பெண் மட்டும் அமையவில்லை. 'திருவிடந்தையில மாலை சாத்திட்டு வந்தா ஆறே மாசத்துல முடியும்' என்று யாரோ சித்தியிடம் சொல்லிவிட்டார்கள். சித்தி அதை என்னிடம் சொன்னாள். என்னிடம் அப்போது ஒரு பழைய மாருதி இருந்தது. விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பிவிட்டோம். இது நடந்து பத்து வருஷம் இருக்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டினால் ஐந்து நிமிஷத்தில் திருவிடந்தை. நித்யகல்யாணப் பெருமாள் கோயில் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலவ ரிஷிக்கு 360 பெண்கள். பெருமாள் தினம் ஒருத்தியாக 360 பேரையும் கல்யாணம் செய்துகொண்டு, கடைசி நாளில் அத்தனை பேரையும் ஒரே பெண்ணாக்கித் தன் இடப்பக்கம் வைத்துக்கொண்டாராம். திரு இட எந்தை என்பதுதான் திருவிடந்தை ஆனது என்பார்கள். ஒரே ஒரு பெண் பார்ப்பதற்கே நாலு வருஷமாக அல்லாடிக்கொண்டிருந்த எங்கள் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு ரொம்பவே மலைப்பாக இருந்தது.

வழிமுறை எளிது. இரண்டு மாலை வாங்க வேண்டும். பெருமாளுக்குச் சாத்தி, ஒன்றை நம்மிடம் திருப்பித் தருவார்கள். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது முறை கோயிலைச் சுற்ற வேண்டும். பிறகு அந்த மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் அதே மாலையோடு ஜோடியாக வந்து ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டும். பேங்க்கில் கடன் வாங்கி, அடைத்து, கடைசியில் நோ ட்யூ சர்ட்டிஃபிகேட் வாங்குகிற மாதிரி. (நான் பி.காம். எதைப் பார்த்தாலும் எனக்கு இப்படித்தான் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கோயில் வாசலில் மாலை கட்டிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் வாங்கினோம். சித்தி பேரம் பேசிக்கொண்டிருந்தபோது அந்த அக்காவின் கண் என் மணிக்கட்டில் தொங்கிய சின்ன கேமராவின் மேல் விழுந்தது.

'போட்டோ புடிக்கிறவரா சார்?'

'பத்திரிகையில இருக்கான்' என்றாள் சித்தி, பேரத்தை நிறுத்தாமலேயே.

'அப்ப கோவளத்துக்குப் போவீங்களா? கடல்ல பலகை வச்சி நின்னுக்கினே வர்றாங்களே, அந்தப் போட்டி நடக்குது.'

உண்மையில் அதுதான் என் ரகசியத் திட்டம். மாலை சாத்திய கையோடு நைஸாகக் கோவளம் பக்கம் வண்டியைத் திருப்பிவிடலாம் என்று இருந்தேன்.

'எம் புள்ளயும் அதுல இருக்கான் சார். மஞ்ச பனியன் குடுத்திருக்காங்களாம். ஒரு போட்டோ எடுத்தாந்து காட்டுறீங்களா?'

'நீங்களே போய்ப் பார்க்கலாமே அக்கா? இதோ இருக்கு கோவளம்.'

அவர் நிமிரவில்லை. நாரில் பூவை வைத்து முடிந்துகொண்டே சொன்னார். 'நா கடல் பக்கம் போறதில்ல சார்.'

மீதிக் கதையை, சித்தி பையன் ஒன்பது சுற்று முடிப்பதற்குள் சித்தி கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டாள். 2004 டிசம்பர் 26. குப்பத்திலிருந்த இவருடைய கூடப் பிறந்த அக்காவைக் கடல் கொண்டு போய்விட்டது. வீட்டுக்காரர் அதோடு கடல் தொழிலை விட்டுவிட்டு டிரைவர் வேலைக்குப் போய்விட்டார். இவர் கோயில் வாசலுக்கு வந்து பூ கட்ட உட்கார்ந்தவர்தான். கோயிலிலிருந்து கடல் நடக்கிற தூரம். அந்தப் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. மகனோ பள்ளிக்கூடம் விட்டால் கடலிலேயே கிடக்கிறான்.

'கண்டிப்பா எடுத்துட்டு வர்றேன் அக்கா' என்றேன்.

என் வாயிலிருந்து வருகிற 'கண்டிப்பா'வுக்கு என்ன மதிப்பு என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தக் கேமரா சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

*

ஸ்டேடியத்துக்குச் சின்ன கேமரா எடுத்துப் போகிற வியாதி எனக்கு 2001-ல் பிடித்தது. பி.காம். கடைசி வருஷம். மார்ச் 22. காஸ்ட் அக்கவுன்டிங் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சேப்பாக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்திரேலியாவுடன் மூன்றாவது டெஸ்ட், கடைசி நாள். கையில் மாமாவிடம் கெஞ்சி வாங்கிய கோடாக் கேபி-10. உள்ளே 36 படம் எடுக்கிற ஃபிலிம் ரோல். அதை வாங்கி, கழுவி, பிரிண்ட் போட ஆகிற செலவு என்னுடைய ஒரு மாதப் பாக்கெட் மணி.

காலையில் ஹர்பஜன் பந்து போட ஓடி வந்தார். க்ளிக். திரும்பி நடந்தார். க்ளிக். அப்பீல். க்ளிக். அந்த இன்னிங்ஸில் அவர் எட்டு விக்கெட் எடுத்தார். நான் பத்தொன்பது படம் எடுத்தேன். இந்தியாவுக்கு 155 ரன் வேண்டும். லக்ஷ்மண் 66 அடித்து அவுட் ஆகும்போது என் ரோல் முடிந்து கேமராவும் செத்துவிட்டது. பக்கத்தில் இருந்த நண்பன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அப்புறம்தான் நிஜமான ஆட்டமே. விக்கெட் விழுந்துகொண்டே இருக்கிறது. கீப்பர் சமீர் திகே ஒரு பக்கம் நிற்கிறார். எட்டு விக்கெட் போன நிலையில் மெக்ராத் பந்தைத் தட்டிவிட்டு ஹர்பஜன் ஓடுகிறார். மேட்சும் தொடரும் நமக்கு. என்னிடம் இருந்தது இரண்டு கண் மட்டும். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தக் கடைசி அரை மணி நேரம் அப்படியே தெரிகிறது.

பிரிண்ட் வந்தது. 36 படத்திலும் ஒரு பச்சைப் பாய், அதன் நடுவில் அரிசி சிந்தின மாதிரி சில வெள்ளைப் புள்ளிகள். எந்தப் புள்ளி ஸ்டீவ் வா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. எல்லாப் படத்திலும் தெளிவாக விழுந்திருந்தது முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவரின் வழுக்கை. அவர் யாரோ, எங்கே இருக்கிறாரோ, என் ஆல்பத்தில் இன்னமும் முதல் பக்கத்தில் இருக்கிறார்.

ஏன் இப்படி என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேலரியிலிருந்து பிட்ச் உத்தேசமாகத் தொண்ணூறு மீட்டர். அந்த மாதிரி ஜூம் இல்லாத கேமராவில் அந்தத் தூரத்தில் எழுபது மீட்டர் உயரமுள்ள ஒரு சுவரே முழுசாக அடங்கும். அதில் ஆறடி மனிதன் நாற்பதில் ஒரு பங்கு. பிற்பாடு வந்த டிஜிட்டல் கேமராக்களில் மூன்று மடங்கு ஜூம் இருந்தது. அதை முழுக்க இழுத்தாலும் மனிதன் படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொட மாட்டான். மைதானத்துக்குள் பத்திரிகைக்காரர்கள் முக்காலியில் உட்கார்ந்து வைத்திருக்கிறார்களே நீளமான வெள்ளைக் குழாய், அது சும்மா பந்தாவுக்கு இல்லை.

சம்பாதிக்க ஆரம்பித்ததும் முதல் போனஸில் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினேன். அப்புறம் அதைவிடக் கொஞ்சம் நல்லதாக, பத்து மடங்கு ஜூம் உள்ளது ஒன்று. இரண்டுமே சட்டைப் பாக்கெட்டில் போகிற ரகம். இதை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் கிரிக்கெட், ஹாக்கி, கபடி என்று கேலரிகளில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை எனக்குத் தெரிந்த காமர்ஸ் பாஷையில் சொல்கிறேன், கேளுங்கள்.

வெளிச்சம்தான் வருமானம். அது கேமராவுக்குள் வருகிற ஓட்டையைக் கடையின் வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் என்பது கடை எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. ஓடுகிற ஆளைப் பிடிக்க வேண்டுமென்றால் கடையைக் கண நேரத்தில் மூடிவிட வேண்டும். 140 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பந்து, ஷட்டர் அறுபதில் ஒரு விநாடி திறந்திருந்தால் அதற்குள் இரண்டடி போய்விடும். படத்தில் பந்துக்குப் பதில் ஒரு கோடுதான் இருக்கும். ஆயிரத்தில் ஒரு விநாடி என்றால் நாலு சென்டிமீட்டர்தான் நகரும். பந்து பந்தாகத் தெரியும். ஆனால் அத்தனை சீக்கிரம் கடையை மூடினால் வருமானம் போதாது. அப்போது என்ன செய்வோம்? கடன் வாங்குவோம். கேமராவில் அந்தக் கடனுக்குப் பெயர் ஐஎஸ்ஓ. ஏற்றிக்கொண்டே போனால் படம் வெளிச்சமாகும். கூடவே படம் முழுக்க மணல் தூவின மாதிரி புள்ளி புள்ளியாக வரும். அதுதான் வட்டி.

பாக்கெட் கேமராவுக்கு வட்டி அதிகம். காரணம், உள்ளே படம் பதிகிற அந்தச் சில்லு சுண்டு விரல் நகத்தைவிடச் சின்னது. பெரிய கேமராவில் இருப்பதில் முப்பதில் ஒரு பங்குதான் தேறும். போதாக்குறைக்கு, ஜூமை இழுக்க இழுக்க வாசல் வேறு குறுகிக்கொண்டே போகும். ஆகவே சூரியன் இருக்கிறபோது எடுங்கள். ராத்திரி மேட்ச்சில் ரொம்பவும் ஆசைப்படாதீர்கள்.

டிஜிட்டல் ஜூம் என்று ஒன்று இருக்கும். அது போனஸ் ஷேர் மாதிரி. எண்ணிக்கை கூடும், சொத்து கூடாது. இருக்கிற படத்தை அறுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிற வேலை. வீட்டுக்கு வந்து நீங்களே செய்துகொள்ளலாம்.

ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். சின்ன கேமரா ஃப்ளாஷ் பத்துப் பதினைந்து அடியைத் தாண்டாது. ராத்திரி மேட்ச்சில் கேலரி முழுக்கப் பளிச் பளிச்சென்று மின்னுமே, அத்தனையும் முன் வரிசை வழுக்கைகளுக்குச் செய்கிற தீபாராதனை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பட்டனைப் பாதி அழுத்தி வைத்துக்கொள்வது. நீங்கள் அழுத்துகிற கணத்துக்கும் படம் விழுகிற கணத்துக்கும் நடுவே அந்தக் காலத்துக் கேமராக்கள் அரை விநாடி யோசிக்கும். வேகப்பந்து பேட்ஸ்மேனிடம் வந்து சேரவே அரை விநாடிதான். அதாவது, பந்து போடும்போது அழுத்தினால், ஆட்டக்காரர் அவுட்டாகித் தலையில் கை வைக்கிற நேரத்தில்தான் படம் விழும். அந்த அரை விநாடி பெரும்பாலும் ஃபோகஸுக்குப் போவது. பாதி அழுத்திப் பிடித்து ஃபோகஸை முன்கூட்டியே முடித்து வைத்தால், மீதியை அழுத்தியதும் பட்டென்று விழும்.

இன்னொன்று, எந்த ஆட்டத்திலும் உச்சம் என்று ஒரு கணம் இருக்கிறது. பௌலர் துள்ளி எழும்பின இடம், ஹைஜம்ப்காரர் கம்பிக்கு மேலே இருக்கிற இடம். மேலே போகிற வேகம் தீர்ந்து, கீழே வருகிற வேகம் தொடங்காத ஒரு நொடித் துணுக்கு. அந்தரத்தில் நின்றுவிட்ட மாதிரி இருக்கும். சின்ன கேமராவின் சோம்பேறித்தனத்துக்கு ஏற்ற இடம் அதுதான். அந்த உச்சத்தைப் பிடித்துவிட்டால் எல்லாம் பிடித்த மாதிரி என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

*

கோவளத்துக்கு வருகிறேன். அங்கே அலைச்சறுக்கு விழா 2013-ல் தொடங்கியது. அதற்கு முந்தைய வருஷமே அங்கே சறுக்குப் பள்ளி வந்துவிட்டது. மூர்த்தி மேகவன் என்கிற மீனவர் தானாகவே சறுக்கக் கற்றுக்கொண்டு, குப்பத்துப் பையன்களுக்கும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து வளர்ந்தது இது. அலையின் போக்கைப் பிறந்ததிலிருந்து பார்க்கிற பையன்கள். பலகை கிடைத்ததும் பிய்த்து உதறிவிட்டார்கள். பிற்பாடு கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ்கூட இந்த விழாவுக்கு வந்து போனார்.

போட்டி விதி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மூன்று நாலு பேரை ஒரு குழுவாகக் கடலில் விடுவார்கள். ஆளுக்கொரு நிறத்தில் பனியன். இருபது நிமிஷம் போல நேரம். எத்தனை அலையில் வேண்டுமானாலும் ஏறலாம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று நடுவர்கள் மார்க் போடுவார்கள். ஆனால் கடைசிக் கணக்கில் சிறந்த இரண்டு அலைக்கு மட்டும்தான் மதிப்பு. மீதியெல்லாம் தள்ளுபடி. எத்தனை தடவை விழுந்தாலும் நஷ்டக் கணக்கு எழுத மாட்டார்கள். வாழ்க்கைக்கு இந்த விதி இல்லையே என்று ஆதங்கமாக இருந்தது.

இங்கே கேலரி என்று தனியாகக் கிடையாது. மணல்தான் கேலரி. நானும் சித்தியும், மாலையைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்ட சித்தி பையனும் உட்கார்ந்தோம். கேமராவை நீட்டியதும் பிரச்னை தெரிந்துவிட்டது.

நம் கடற்கரை கிழக்குப் பார்த்தது. காலையில் சூரியன் கடல் பக்கம் இருக்கிறது. சறுக்கி வருகிற பையன்கள் எல்லாரும் படத்தில் கறுப்புக் குச்சி பொம்மைகள். மஞ்சள் பனியனும் கறுப்பு, சிவப்புப் பனியனும் கறுப்பு. மத்தியானத்துக்கு மேல் சூரியன் நம் முதுகுக்கு வந்துவிடும், நிறமெல்லாம் நன்றாக விழும். ஆனால் அந்நேரம் கடல்காற்று கிளம்பி அலையைக் கலைத்துப் போடும். நல்ல அலை காலையில், நல்ல வெளிச்சம் சாயங்காலத்தில். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

முடிந்ததைச் செய்தேன். கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்து போய், சூரியன் பக்கவாட்டில் வருகிற மாதிரி நின்றேன். கடல் தண்ணீர் தகதகக்கும்போது கேமரா வெளிச்சம் அதிகம் என்று ஏமாந்து படத்தை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை ஒரு படி ஏற்றி வைத்தேன். ஒலிபெருக்கியில் பெயர்களைச் சொன்னார்கள். மஞ்சள் பனியன் கண்ணில் பட்டது. பதினாறு பதினேழு வயது இருக்கும். ஒல்லிப் பையன்.

முதல் அலையில் விழுந்தான். இரண்டாவதில் எழுந்து நிற்கும் முன்னால் விழுந்தான். மூன்றாவது அலை இன்னொரு பையனுக்குப் போய்விட்டது. நாலாவது பெரிய அலை. ஏறினான், நின்றான், உச்சிக்குப் போய்ப் பலகையைத் திருப்பினான். பாதி அழுத்தி வைத்திருந்த பட்டனை முழுக்க அழுத்தினேன். விழுந்தது! படத்தின் உயரத்தில் எட்டில் ஒரு பங்குதான் இருந்தான் என்றாலும் அவன்தான். இரண்டு கையும் விரிந்து, பின்னால் நுரை சிதறி, அந்தரத்தில் நின்ற மாதிரி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஹாரன் ஊதிவிட்டார்கள். நாலு பேரில் அவன் மூன்றாவது. அடுத்த சுற்றுக்கு இரண்டு பேர்தான். ஆட்டம் அவ்வளவுதான். பக்கத்தில் பெரிய லென்ஸ்களோடு நின்ற போட்டோகிராஃபர்கள் அடுத்த குழுவைப் பார்க்கத் திரும்பினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். முதல் சுற்றில் தோற்றவன் படத்தை எந்த எடிட்டரும் கேட்க மாட்டார். டெஸ்க்கில் உட்கார்ந்து அப்படிப்பட்ட படங்களை வருஷக்கணக்கில் கழித்துக் கட்டியவன் நான்.

பையன் பலகையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கரைக்கு வந்தான். முழங்கால் தண்ணீர். கரையில் யாரோ ஏதோ கிண்டல் செய்திருக்க வேண்டும், பல் தெரியச் சிரித்தான். கேமரா கையில் இருந்ததே என்று ஒரு க்ளிக். கிட்டத்தில் இருந்தான், நடந்துதான் வந்தான். எந்தத் திறமையும் தேவைப்படாத படம்.

திரும்பும்போது கோயில் நடை சாத்தியிருந்தது. பூக்கடையைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். 'அடுத்த வாரம் கொண்டு வந்து குடுத்துடறேன்' என்றேன் சித்தியிடம்.

அடுத்த வாரம் தேர்தல் கட்டுரை ஒன்று வந்தது. அதற்கடுத்த வாரம் வேறொன்று. அப்புறம் மறந்தே போய்விட்டேன்.

*

சித்தி பையனுக்குக் கல்யாணம் ஆயிற்று. ஆறு மாசம் இல்லை, பதினோரு மாசம். பெருமாள் கொஞ்சம் டைம் எடுத்துக்கொண்டார். ஜோடியாகப் பழைய மாலையோடு போக வேண்டும். டிரைவர் அதே ஆள். முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்குச் சித்தி போன் செய்தாள்.

'அந்தப் பூக்காரம்மாவுக்கு அன்னிக்கே போட்டோ குடுத்துட்டே இல்ல?'

எனக்கு வயிற்றைக் கலக்கியது. மெமரி கார்டை எப்போதோ அழித்திருந்தேன். கம்ப்யூட்டரில் தேடினேன். எடுத்தது நூற்றுச் சொச்சம். நல்ல வேளை, பதினோரு படம் ஒரு ஃபோல்டரில் தப்பிப் பிழைத்திருந்தது. ஷட்டரை இறக்கப் போன ஸ்டூடியோக்காரரைக் கையைக் காலைப் பிடித்து பிரிண்ட் போட வைத்தேன். அலை உச்சியில் கை விரித்து நிற்கிற படத்தை மட்டும் பெரிதாக. மற்றதெல்லாம் போஸ்ட்கார்டு சைஸ். 'ஆளே தெரியலயே சார், இதைப் போய் பெருசு பண்றீங்க?' என்றார் அவர். அவருக்கு என்ன தெரியும், உச்சத்தைப் பற்றி.

மறுநாள் காலை அக்கா அதே இடத்தில் இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. சித்தியைத் தெரிந்தது. கவரை நீட்டினேன். பெரிய படத்தை முதலில் எடுத்துக்கொடுத்தேன்.

பூ கட்டின ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

'எங்க சார் அவன்?'

விரல் வைத்துக் காட்டினேன்.

'இம்மாம் பெரிய அலையா?' என்றார். அவ்வளவுதான். படத்தைக் குப்புறக் கவிழ்த்துக் கூடை மேல் வைத்துவிட்டார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரே மற்ற படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசிப் படத்துக்கு வந்ததும் கை நின்றது. பலகையை இடுக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் சிரித்துக்கொண்டு வருகிறானே, அது.

'கரை ஏறிட்டான் பாரு' என்றார், என்னிடம் இல்லை, சித்தியிடம்.

சித்தி ஒன்றும் பேசாமல் அவர் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். புது மருமகள் கையில் பழைய மாலையோடு நின்றுகொண்டிருந்தாள். அந்த அக்கா அந்தச் சின்னப் படத்தை, கல்லாப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம், பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் செருகினார். பெரிய படத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

'இத நீங்களே வச்சிக்குங்க சார். தப்பா நெனைக்காதீங்க. எனக்கு இது வேணாம்.'

அன்றைக்கு மாலைக்குக் காசு வாங்கவில்லை. சித்தி பேரம் பேசாமல் ஒரு பொருளை வாங்கிக்கொண்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எத்தனை கேலரிகளில் உட்கார்ந்து உச்சம் உச்சம் என்று தவம் கிடந்திருப்பேன்! அந்த அம்மாவுக்கு ஆட்டத்தின் உச்சம் எது என்பது எனக்குத் தெரியவில்லை. அலை அவனை எவ்வளவு உயரத்தில் வைத்தது என்பது பற்றி அவருக்கு அக்கறை இல்லை. திருப்பிக் கொடுத்ததா, அவ்வளவுதான். அந்தப் படத்தைப் பெரிய லென்ஸ்காரர் யாரும் எடுத்திருக்க மாட்டார். அவருக்கு அங்கே வேலை முடிந்துவிட்டது. ஒன்றும் பெரிதாகச் சாதிக்க முடியாத சின்ன கேமராவோடு, போக வேறு இடமில்லாமல் நின்றவனுக்குத்தான் அது கிடைத்தது. கிடைத்ததையும் பதினோரு மாசம் பூட்டி வைத்திருந்தேன். அத்தனை நாளும் அந்த அக்கா வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாரோ என்னவோ. கேட்கத் தைரியம் வரவில்லை.

*

சின்ன கேமராக்களின் காலம் மலையேறிவிட்டது. 2008-ல் ஜப்பானியக் கம்பெனிகள் மட்டும் பத்துக் கோடிக்கும் மேல் விற்றன. 2023-ல் இருபது லட்சத்துக்கும் கீழே. வேலையைப் போன் எடுத்துக்கொண்டது. திருவிடந்தையும் எவ்வளவோ பார்த்துவிட்டது. 2018 ஏப்ரலில் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்து, ஊரே டாங்கியும் பீரங்கியுமாக அமளிப்பட்டது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி. போகாமல் இருப்பேனா? இந்திய அணியில் இந்தக் கடற்கரைப் பையன்களும் இருந்தார்கள். கர்நாடகத்தைச் சேர்ந்த ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். இந்தப் போட்டியில் தனிநபர் பதக்கம் வாங்கின முதல் இந்தியர். மணலில் நின்ற ஒவ்வொருவர் கையிலும் போன்.

போகிற வழியில் திருவிடந்தையில் வண்டியை நிறுத்தினேன். அக்காவுக்குத் தலை நரைத்திருக்கிறது. பையன் இப்போது கோவளத்தில் டூரிஸ்ட்டுகளுக்குச் சறுக்கச் சொல்லிக்கொடுக்கிறானாம். 'நல்லா சம்பாதிக்கிறான் சார்.' கல்லாப் பெட்டி மூடியைத் திறந்து காட்டினார். ஈரக்கை பட்டுப் பட்டுப் படத்தின் ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. சிரிப்பு மட்டும் இருக்கிறது.

'இப்பவாவது கடல் பக்கம் போனீங்களாக்கா?'

தலையாட்டினார். இல்லை.

ஆகவே, அடுத்த தடவை நீங்கள் ஏதாவது ஆட்டம் பார்க்கப் போனால் கேமராவோ போனோ எடுத்துப் போங்கள். கேமராவுக்கு அனுமதி உண்டா என்று டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துக்கொள்ளுங்கள், பல ஸ்டேடியங்களில் கிடையாது. பட்டனைப் பாதி அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள், ஃப்ளாஷை அணையுங்கள், கையைக் கம்பியில் ஊன்றிக்கொள்ளுங்கள். ஹாரன் அடித்ததும் கேமராவை இறக்கிவிடாதீர்கள். தோற்றவர்கள் வெளியே வருவதையும் ஒன்று எடுங்கள். அவர்களுக்கும் யாராவது எங்கேயாவது பூ கட்டிக்கொண்டிருப்பார்கள்.

யாரிடமாவது 'கண்டிப்பா கொண்டு வர்றேன்' என்று வாயைவிட்டிருந்தால், அந்த வாரமே கொண்டு போய்க் கொடுத்துவிடுங்கள். ஒரு பிரிண்ட் போட இன்னமும் ஒரு டீ காசுதான் ஆகிறது.